சுடுபட்ட மெஷின் சொன்ன பொய்



பள்ளியில் அறிவியல் பாடம் நடத்துகிற ஒருத்தி, தன் வீட்டு அடுப்படியிலேயே அந்தப் பாடத்தில் தோற்றுப் போன கதையைச் சொல்லப் போகிறேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இன்று உங்களில் பலர் வீட்டில் சர்க்கரை பார்க்கும் மெஷினோ, பிரஷர் பார்க்கும் மெஷினோ, காய்ச்சல் பார்க்கும் கோலோ ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும். அது இந்த நேரத்தில் எங்கே இருக்கிறது? அடுப்புக்கு மேல் தட்டிலா, ஜன்னல் ஓரத்திலா, வெயிலில் நிற்கும் காடிக்குள்ளா? எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

நான் வட கெடாவில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. நாற்பதைத் தாண்டிவிட்டேன். என் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். எங்களோடு என் மாமியாரும் இருக்கிறார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். முப்பத்திரண்டு வருடம் பால் மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், மழைக்கும் அட்டைக்கும் கொசுவுக்கும் ஈடு கொடுத்து, நான்கு பிள்ளைகளை ஆளாக்கினவர். வேலையை விட்டு உட்கார்ந்த பிறகு இனிப்பு நீர் வந்தது. வந்தது என்ன, எப்போதோ வந்திருக்கும், அப்போதுதான் தெரிந்தது.

2015-ஆம் ஆண்டு தீபாவளிக்குக் கிடைத்த போனஸ் பணத்தில் அவருக்கு ஒரு சர்க்கரை மெஷின் வாங்கினோம். விரல் நுனியில் குத்தி, ஒரு துளி இரத்தத்தைச் சிறு பட்டையில் தொட்டால் சில விநாடிகளில் எண்ணைக் காட்டும். நம் நாட்டில் மில்லிமோல் கணக்கு என்பது உங்களுக்குத் தெரியும். 4-க்குக் கீழே போனால் சர்க்கரை குறைந்துவிட்டது என்று அர்த்தம். உடனே கவனிக்க வேண்டும். காலையில் பசியாறுவதற்கு முன் மறக்காமல் பார்க்க வேண்டுமே என்பதற்காக மெஷினையும் பட்டைக் குப்பியையும் அடுப்புக்கு மேலே மசாலா டின் வைக்கும் தட்டில் வைத்தேன். கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும் அல்லவா? நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

மறு வருடம், 2016 மார்ச் மாதம். அந்த ஆண்டு வெயிலை வடக்கே இருந்தவர்கள் மறந்திருக்க முடியாது. எல் நினோ வருடம். ஏப்ரலில் பெர்லிஸிலும் கெடாவின் சில பகுதிகளிலும் வெப்பத்தால் பள்ளிகளையே மூடினார்கள். அதற்கு முன்பாக, மார்ச் விடுமுறையில், வேறொரு தோட்டத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். அத்தை வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். மெஷின் இருந்த பையை நான் காடியின் பின் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் தட்டில் வைத்தேன். மண்டபத்துக்கு வெளியே நிழலே கிடையாது. நாள் முழுவதும் காடி வெட்டவெளியில் நின்றது.

பந்தி தாமதமாயிற்று. அத்தைக்குக் கூட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காது. இரண்டு வாய் சோறு, கொஞ்சம் ரசம், அவ்வளவுதான். நான்கு மணிக்குத் திரும்பியபோது பையைத் தொட்டேன். சுட்டது. "என்னா வெயிலு!" என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் இருக்கும். அத்தை திண்ணையில் உட்கார்ந்தபடி, "ஏம்மா, கையெல்லாம் நடுங்குது. ஒரு டீ போடேன், சீனி கொஞ்சம் தூக்கலா" என்றார். முகத்தில் வேர்வை. நான் டீச்சர் அல்லவா? மெஷினை எடுத்தேன். குத்தினேன். 15.8 என்று காட்டியது.

"அத்தை, சீனி ஏற்கெனவே ஏறிக் கெடக்கு. கல்யாண வீட்டுல பாயசம் குடிச்சிங்களா? டீயெல்லாம் வேணாம். தண்ணி குடிங்க, கொஞ்சம் நடங்க" என்றேன்.

"நான் எங்கம்மா பாயசம் குடிச்சேன்?" என்று கேட்டார். நான் நம்பவில்லை. மருமகள் ஒரு டீ தர மறுக்கிறாள் என்று அவருக்கு வருத்தம். மாமியார் ஒளித்துத் தின்கிறார் என்று எனக்குச் சந்தேகம். இந்த இடத்தை எழுதும்போது இன்றும் எனக்குக் கை தயங்குகிறது. எழுபது வயதை நெருங்கிய மனுஷி தன் உடம்பைப் பற்றித் தானே சொல்கிறார். நானோ ஒரு துண்டுப் பிளாஸ்டிக் சொன்னதைத்தான் வேதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் எழுந்து நான்கு அடி நடந்தார். படிக்கட்டில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். பேச்சு குழறியது. என் பெயருக்குப் பதிலாகத் தன் மகள் பெயரைச் சொன்னார். எதிர் லயத்து அக்கா ஒருவர், முன்பு ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர், ஓடி வந்தார். நான் மெஷினைத் தூக்கிக் காட்டினேன். அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"டீச்சர்! மெஷினப் பாக்காதீங்க, மனுஷியப் பாருங்க!"

அடுத்த நிமிடம் ஒரு மங்குத் தண்ணீரில் சீனியைக் கரைத்து அவரே அத்தையின் வாயருகே பிடித்தார். அத்தைக்கு விழுங்கும் நினைவு இருந்தது நல்லதாயிற்று. நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். கணவர் காடியை எடுத்தார். டவுன் கிளினிக்கை அடைய இருபது நிமிடம். அங்கே பார்த்தபோது, சீனித் தண்ணீர் குடித்த பிறகும், 3.4தான் இருந்தது. குடிக்கும் முன் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். என் மெஷின் சொன்னது 15.8.

அத்தை தெளிந்து, ரொட்டியும் சாப்பிட்டு முடித்த பிறகு, அந்த இளவயது மலாய் டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். முதலில், குத்துவதற்கு முன் கை கழுவினீர்களா என்று கேட்டார். விரலில் பழச்சாறோ இனிப்போ ஒட்டியிருந்தாலும் எண் ஏறுமாம். கழுவித்தான் பார்த்தேன் என்றேன். பிறகு, "சிக்கு, இதை வீட்டில் எங்கே வைப்பீர்கள்?" என்று மலாயில் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அது பெரிய உதவி. என் குப்பியிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, என் மெஷினிலேயே அத்தைக்குப் பார்த்தார். 13-க்கு மேல் காட்டியது. கிளினிக் மெஷினில் 5.1. பிறகு அதே ரகத்தில் புதுக் குப்பி ஒன்றைத் திறந்து, அந்தப் பட்டையை என் மெஷினில் போட்டார். 5.3 வந்தது. ஆக, மெஷின் குற்றவாளி இல்லை. பட்டைகள் வெந்து போயிருந்தன.

குப்பியைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் சின்னதாக ஒரு தெர்மாமீட்டர் படம். பக்கத்தில் 30 என்ற எண். முப்பது டிகிரிக்கு மேலான இடத்தில் வைக்காதே என்று பொருள். ஐந்து மாதமாக நாள்தோறும் கையில் எடுத்த குப்பி அது. வகுப்பில் "படத்தை உற்றுப் பார், குறியீட்டைக் கவனி" என்று கத்துகிறவள் நான்.

பட்டைக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். அதன் நுனியில் நொதி என்ற பொருள் தடவப்பட்டிருக்கிறது. நம் வயிற்றில் சோற்றைச் செரிக்க வைக்கிறதே, அந்த இனத்தைச் சேர்ந்தது. இரத்தத்திலுள்ள சர்க்கரையோடு அது வினை புரியும்போது மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரத்தை அளந்துதான் மெஷின் எண் சொல்கிறது. நொதியை வைத்து மின்முனையால் சர்க்கரையை அளக்கலாம் என்று 1962-இல் அமெரிக்காவில் கிளார்க், லயன்ஸ் என்ற இருவர் எழுதினார்கள். இன்று நம் கைப்பைக்குள் இருப்பது அந்த யோசனையின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

நொதி ஒரு புரதம். முட்டையின் வெள்ளைக்கருவும் புரதம்தான். சுட்ட சட்டியில் ஊற்றினால் வெளுத்துக் கெட்டியாகிறது. ஆறின பிறகு பழையபடி ஆகிறதா? ஆகாது. பட்டையின் நொதியும் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். போதாக்குறைக்கு நம் ஊர்க் காற்றின் ஈரமும் சேர்ந்தால், அதோடு கலந்திருக்கும் மற்ற இரசாயனமும் கெடும். சில பட்டைகள் கூட்டிச் சொல்லும், சில குறைத்துச் சொல்லும். எது எப்படி என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது. நிறம் மாறாது, நாற்றம் அடிக்காது.

இதைத்தான் நான் பல நாள் யோசித்தேன். நம் பழைய பாதரசத் தெர்மாமீட்டரை நினைத்துப் பாருங்கள். அதன் கோடு 42 டிகிரியோடு முடிந்துவிடும். வெயிலில் மூடிக் கிடந்த காடிக்குள் விட்டால் பாதரசம் மேலே போக இடமில்லாமல் கண்ணாடி உடைந்துவிடும். நஷ்டம்தான், பாதரசம் விஷமும்கூட. ஆனால் கெட்டுப் போனதை அது ஒளிக்கவில்லை. சுடுபட்ட இந்தக் காலத்துக் கருவியோ, உடையாமல், கீறல் விழாமல், அதே பளபளப்போடு, தசமப் புள்ளி வைத்து ஓர் எண்ணைக் காட்டும். 15.8! அந்தப் புள்ளி எட்டைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

அடுத்த சனிக்கிழமை பள்ளியிலிருந்து சிவப்புத் திரவ வெப்பமானி ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுத்தான். பகல் இரண்டு மணிக்கு வீடு முழுக்க அளந்தேன். எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. அலமாரியின் உச்சியில் 38. சமையல் நடக்கும்போது அடுப்புக்கு மேல் தட்டில் 44. குளிர்சாதனப் பெட்டியின் தலையில் 37. அதன் முதுகுப் பக்கம் சூட்டை வெளியே தள்ளுகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மேற்குப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் வெயில் விழுந்த இடத்தில் 46. அத்தையின் கட்டிலுக்கு அடியில், சிமெண்டுத் தரையில், 30. ஒரே வீடு, ஒரே நேரம்! கடைசியாக, கண்ணாடி ஏற்றிய காடிக்குள் வைத்தேன். வெளியே நிழலில் 35. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 53. என் மகன், "அம்மா, இதுல முட்டை வைச்சுப் பாப்பமா?" என்றான். வேண்டாம் என்றேன், வேறொன்றை ஏற்கெனவே வேக வைத்தாயிற்று.

வானொலியில் சொல்லும் வெப்பம், நிழலில் காற்றோட்டமான வெள்ளைப் பெட்டிக்குள் வைத்து அளந்தது. பெர்லிஸ் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி 40.1 டிகிரி பதிவாயிற்றே, அதுவும் அப்படி அளந்ததுதான். உங்கள் மோட்டார் சைக்கிள் கூடைக்குள்ளோ, காடித் தட்டிலோ இருக்கும் சூட்டை வானொலி சொல்லாது.

பட்டையைப் பற்றித்தான் இதுவரை சொன்னேன். மெஷினுக்கும் சூடு ஆகாது. சர்க்கரை மெஷின்களும் பிரஷர் மெஷின்களும் பெரும்பாலும் 10 முதல் 40 டிகிரி வரையில்தான் சரியாக வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. உங்களுடைய அளவு கூடவே வந்த தாளில் இருக்கும். அந்தத் தாளைத் தயவுசெய்து கடலை மடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரை மெஷினுக்குள் வெப்பத்தை உணரும் ஒரு சிறு பொருளும் உண்டு. சூட்டில் அந்த வினை வேகமாக நடக்கும், குளிரில் மெதுவாக நடக்கும். அதற்குத் தகுந்தபடி கணக்கைத் திருத்திக்கொள்ளத்தான் அது. மெஷின் கொதித்துக்கொண்டிருக்க, பட்டையும் இரத்தத் துளியும் சாதாரணச் சூட்டில் இருந்தால், திருத்தக் கணக்கே திசை மாறிவிடும். அதனால்தான் வெயிலிலிருந்து வந்த மெஷினை அரை மணி நேரமாவது வீட்டுக்குள் ஆற விட வேண்டும். நல்ல மெஷின்கள் சூடு மிஞ்சினால் எண் காட்டாமல் பிழைக் குறி காட்டும். அப்போது அதைத் தட்டித் தட்டிப் பார்க்காதீர்கள். வேலைக்காரன் மூச்சு வாங்குகிறான், விட்டுவிடுங்கள். திரை கறுத்துப் போனாலும் அப்படித்தான். நிழலில் ஆறினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

"அப்படியானால் ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிடலாமே" என்று எதிர் லயத்து அக்கா கேட்டார். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. கூடாது. குளிர்ந்த குப்பியை வெளியே எடுத்துத் திறந்ததும், ஐஸ் தண்ணீர்க் கிளாசில் வேர்ப்பது போல உள்ளே ஈரம் பூக்கும். பட்டைக்குச் சூட்டைப் போலவே ஈரமும் எமன். குப்பியின் மூடிக்குள் ஈரத்தை உறிஞ்சும் மருந்து வைத்திருக்கிறார்கள். அதனால் பட்டைகளை வேறு டப்பாவுக்கு மாற்றக்கூடாது. ஒன்றை எடுத்ததும் உடனே, இறுக்கமாக மூட வேண்டும். நான் அந்தக் காலத்தில் குப்பியைத் திறந்து போட்டுவிட்டு, குத்தி, பார்த்து, எழுதி, எல்லாம் முடிந்த பிறகு மூடுவேன். திறந்த தேதியைக் குப்பி மேல் எழுதும் பழக்கமும் அன்றைக்குத்தான் வந்தது. இன்சுலின் வேறு கதை. திறக்காத இன்சுலின் ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில்தான் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்துகொண்டது பிறகு ஒரு நாள் பள்ளியில் கைகொடுத்தது.

2020 ஜூலையில் தொடக்கப்பள்ளிகள் மீண்டும் திறந்தபோது, வாசலிலேயே நெற்றிக்கு நேரே துப்பாக்கி போலப் பிடித்து வெப்பம் பார்த்தோம். 37.5 என்றால் உள்ளே விடுவதில்லை. எங்கள் பள்ளியில் இடைவேளைக்குப் பிறகு இன்னொரு தடவையும் பார்ப்போம். ஒரு நாள் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு 38.1 காட்டியது. விதிப்படி அம்மாவை அழைத்தோம். குத்தகைக்காரரிடம் உரம் போடும் வேலை பார்ப்பவர் அந்த அம்மா. பாதி வேலையில் மோட்டார் சைக்கிளில் ஓடி வந்தார். முகத்தில் பயம் ஒரு பக்கம். அன்றைய நாள் சம்பளம் போன கவலை ஒரு பக்கம். பிள்ளை என்னவோ நன்றாகத்தான் இருந்தது, பக்கத்துப் பையனோடு சண்டை போடும் அளவுக்கு.

எனக்குச் சட்டென்று அத்தை நினைவு வந்தது. அந்தக் கருவி எங்கே இருந்தது என்று கேட்டேன். காவலாளியின் பிளாஸ்டிக் மேசை மேல், காலையிலிருந்து. மேசைக்கு வெயில் வந்து ஒரு மணி நேரமாகியிருந்தது. பிள்ளையும் திடலிலிருந்து வெயிலில் நடந்து வந்தவள். பிள்ளையை நடையோரத்து நிழலில் கால் மணி நேரம் உட்கார வைத்து, அக்குளில் வைக்கும் மின்கோலால் பார்த்தோம். 36.6. அந்த அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர், காய்ச்சல் இல்லைன்னா போதும்" என்றார். ஆனால் அவருக்குப் போன அரை நாள் சம்பளத்தை எந்த மெஷின் திருப்பித் தரும்?

நெற்றியில் பார்க்கும் கருவி, தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அளக்கிறது. கருவியே சூடாகிவிட்டால் தன் சூட்டையும் நெற்றிச் சூட்டையும் பிரித்தறியத் தடுமாறும். வெயிலில் காய்ந்த நெற்றியும் உள்ளே இல்லாத காய்ச்சலைக் காட்டும். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்து வந்த கையோடு பார்த்தாலும் தவறும். கருவியும் பிள்ளையும் ஒரே நிழலில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும்; அவ்வளவுதான் இரகசியம். மறுநாள் மேசை மாமர நிழலுக்குப் போயிற்று. அக்குளில் வைக்கும் மின்கோலுக்குள் இருப்பதோ வேறு வகைப் பொருள்: சூடு ஏறினால் அதற்குள் மின்சாரம் இலகுவாக ஓடும். பெரும்பாலான உலோகங்களில் இது நேர்மாறாக நடக்கும். 1833-ஆம் ஆண்டிலேயே ஃபாரடே என்ற மேதை, வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த ஒரு பொருளில் இந்த விசித்திரத்தைக் கண்டு எழுதி வைத்தார். புத்தகம் தைக்கும் கடையில் வேலை பழகிய ஏழை வீட்டுப் பிள்ளை அவர். என் மாணவர்களிடம் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

எங்கள் வீட்டுச் சித்தப்பா கதையையும் சொல்லிவிடுகிறேன். கணவரின் சித்தப்பாவுக்கு மூன்று ஏக்கர் ரப்பர்த் தோட்டம் உண்டு. கட்டிப்பால் விற்கப் போகும்போதெல்லாம் கடைக்காரன் எடையில் ஏமாற்றுகிறான் என்று அவருக்குச் சந்தேகம். சந்தையில் தொங்கவிடும் மின்தராசு ஒன்றை வாங்கி, மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனார். வெயிலில் போய்ச் சேர்ந்ததும் மாட்டித் தூக்கினார். கடைக்காரன் எடைக்கும் இவர் எடைக்கும் ஒன்றரைக் கிலோ வித்தியாசம். பெரிய சண்டை! கடைசியில் ஒன்றும் தொங்காதபோதும் அந்தத் தராசு 400 கிராம் காட்டியதைக் கூட இருந்த பையன்தான் கவனித்தான். தராசுக்குள் பாரம் தாங்கி மிக நுட்பமாக வளையும் உலோகத் துண்டு இருக்கிறது. அதில் ஒட்டிய மெல்லிய கம்பி இழுபடும் அளவைத்தான் எடையாக மாற்றுகிறது. சூட்டிலும் அந்த உலோகம் விரியும், கம்பியின் குணம் மாறும். மலிவான தராசு அதைச் சரியாக ஈடுகட்டாது. நிழலில் ஆற விட்டு, வெறும் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்து, பிறகு ஒரு கிலோ சீனிப் பாக்கெட்டைத் தொங்கவிட்டுப் பார்க்கச் சொன்னேன். சரியாகக் காட்டியது. கடைத் தராசுக்கு 1972-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டப்படி முத்திரை வேண்டும். சந்தேகம் இருந்தால் முதலில் அந்த முத்திரையைத்தான் பார்க்க வேண்டும். சித்தப்பா அந்தக் கடைக்காரனோடு இப்போதும் பேசுவதில்லை. தப்பு தராசின் மேல் என்றால், தானே போய்ப் பேச வேண்டியிருக்குமே!

வெளியூர்ப் பயணத்துக்கு நான் இப்போது ஒன்றுதான் செய்கிறேன். பிள்ளைகள் சாப்பாடு கொண்டு போகும் துணிப் பையில், உள்ளே வெள்ளி நிறத் தாள் ஒட்டியது கடைகளில் கிடைக்கிறதே, அதில் மெஷினையும் குப்பியையும் வைத்து, காடியை விட்டு இறங்கும்போது கையோடு எடுத்துப் போகிறேன். ரொம்ப தூரம் என்றால் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைப்பேன், மெஷினைத் தொடாதபடி. மெஷினை நீண்ட நாள் தொடமாட்டோம் என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுவேன். சூட்டில் கசிந்து முனையை அரித்துவிடும். அதற்கு மேல் பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை.

உடம்பு ஒன்று சொல்லி மெஷின் இன்னொன்று சொன்னால் என்ன செய்வது என்று அந்த டாக்டரிடம் அன்றைக்கே கேட்டேன். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவருக்கு நடுக்கம், வேர்வை, குழறல் வந்தால், விழுங்கும் நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து வேறு மெஷினிலோ புதுப் பட்டையிலோ பார்க்க வேண்டும். தெளியவில்லை என்றால் கிளினிக்குக்கு ஓட வேண்டும். ஏறியிருக்கும் சர்க்கரையில் அந்த மூன்று கரண்டி கூடினால் உடனே பெரிய கேடு வராது. இறங்கிய சர்க்கரையில் கொடுக்காமல் விட்டால் உயிரே போகலாம். அத்தை அன்றைக்குக் கேட்ட டீயில் ஏறக்குறைய அவ்வளவுதான் சீனி இருந்திருக்கும்.

நான் அத்தையிடம் மன்னிப்புக் கேட்க மூன்று நாள் ஆயிற்று. சமையல் கட்டில், முதுகைக் காட்டிக்கொண்டுதான் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை மசாலாத் தட்டிலிருந்து மெஷினைக் காணவில்லை. தேடினால், அவர் வேலைக்குக் கொண்டுபோன பழைய டிபன் கேரியரின் ஓர் அடுக்கு, கட்டிலுக்கு அடியில், சிமெண்டுத் தரையில் சுவரோரமாக இருக்கிறது. துடைத்துக் காய வைத்து, உள்ளே துணி விரித்து, மெஷினையும் புதுக் குப்பியையும் வைத்து மூடியிருந்தார். முப்பது டிகிரி என்று நான் வெப்பமானி வைத்துக் கண்டுபிடித்த அதே இடம். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"பூனை மத்தியானம் அங்கதானே வந்து படுக்குது" என்றார்.

இன்றைக்கும் எங்கேயாவது போய்விட்டு வந்து நான் மெஷினை எடுத்தால், விரலை நீட்டமாட்டார். கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துக் கேட்பார்: "அதுக்கு வேர்வை அடங்கிருச்சாம்மா?"